அண்ணா நகரில் பழையது எது?

சென்னையின் பழைய பகுதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் என்று பட்டியல் போகும். அண்ணா நகர் அதில் ஒருநாளும் வராது. சம்பந்தர் பாடிய கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் பாடிக்குத்தான் போக வேண்டும். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது எழுப்பிய டவர்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே சின்னம். அதற்கு முன்னால் இங்கே நடுவக்கரை, முல்லம் என்ற கிராமங்கள் இருந்தன. பிறகு வீட்டு வசதி வாரியம் மனை பிரித்தது, அண்ணாவின் பெயர் வந்தது, எழுபதுகளில் வீடுகள் எழும்பின. "புது ஊர்தானே, இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு மனை ஒதுக்கீடான காலத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே முகம். முன்னால் சிட் அவுட், பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு கிரில், உள்ளே மொசைக் தரை, வெளிப்பக்கமாக மாடிப்படி, பின்னால் கிணறும் இரண்டு தென்னையும். இன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் அப்படிப்பட்ட வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் அமெரிக்காவில். மற்றதெல்லாம் கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி. எங்கள் வீடும் அப்படித்தான் ஆனது. மூலையில் இருந்த மளிகைக் கடை மருந்துக் கடையாகி இப்போது மொபைல் கடையாக நிற்கிறது. ரோடுகூடப் பழையது இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, அந்தக் கடைசிப் பழைய வீட்டின் வாசல் ரோட்டுக்கு ஒரு முழம் கீழே போய்விட்டது.

மரங்கள் மட்டும்தான் அன்றைக்கு வைத்த அதே மரங்கள். தூங்குமூஞ்சி, மஞ்சள் பூ கொட்டும் இயல்வாகை, புங்கை, நடுவில் இரண்டு வேம்பு. அந்தப் பூட்டிய வீட்டைத் தவிர, என் சிறுவயதில் இந்தத் தெருவில் இருந்தவற்றில் இன்னும் இருப்பது இவை மட்டும்தான். பாரம்பரியம் என்ற பெரிய சொல்லை ஒரு சாதாரண தெரு மரத்துக்குச் சூட்டலாமா என்று தயங்குபவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்: இந்தத் தெருவில் அதைவிட மூத்தது வேறு எதுவும் இல்லை.

பாதுகாப்புக் காரணம் சொல்லி 2011-ல் பூட்டிய டவரை 2023-ல் மறுபடியும் திறந்துவிட்டார்கள். ஒரு காலை நேரத்தில் மேலே ஏறிப் போய்க் கம்பி வலை வழியாக ஊரைப் பாருங்கள். கட்டடங்களைப் பார்த்து இது எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாம் ஒரே மாதிரி தண்ணீர்த் தொட்டியும் சோலார் தட்டும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே பச்சைக் கோடுகள் ஓடும். தடிமனான கோடு பெரிய நிழற்சாலை, மெல்லியது குறுக்குத் தெரு. எழுபதுகளில் யாரோ ஒரு நகரமைப்பாளர் காகிதத்தில் போட்ட திட்டம் இன்றைக்கும் அந்தப் பச்சையில்தான் படிக்கக் கிடைக்கிறது. சில இடங்களில் கோடு அறுந்து போயிருக்கும். அங்கே என்ன நடந்தது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: மேம்பாலம், மெட்ரோ, ஒரு பெரிய கடையின் முகப்பு. மெட்ரோ பாதையில் கீழே பார்த்தால் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா இருக்கும் திசை தெரியும். 2011-ல் மூடிய அந்தப் பூங்கா 2023-ல்தான் திரும்பக் கிடைத்தது. அழகாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பழைய பூங்காவில் நடந்தவர்கள் இன்று அங்கே போனால் முதலில் சொல்வது வெயிலைப் பற்றித்தான்.

எங்கள் தெரு மரங்களை யார் வைத்தார்கள் என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாது. லாரியில் கன்றுகள் வந்தன, குழி தோண்டி வைத்துவிட்டுப் போனார்கள், சுற்றிச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கூண்டு கட்டினார்கள். தண்ணீர் ஊற்றியது எங்கள் அம்மாக்கள். அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், வாசல் தெளித்து மிஞ்சியது. எந்த மரத்துக்கு யார் வீட்டுத் தண்ணீர் என்று எழுதாத ஒரு பங்கீடு இருந்தது. எதிர் வீட்டு மாமி ஊருக்குப் போகும்போது சாவியோடு சேர்த்து "மரத்துக்கு ரெண்டு குடம் ஊத்திடு" என்றும் சொல்லிவிட்டுப் போவார். அந்த மாமி இல்லை. அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் ஊற்றிய தண்ணீரில் வளர்ந்த தூங்குமூஞ்சி மரம், தெருவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடும் அளவுக்குப் பரந்து நிற்கிறது.

அந்த மரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் டேப் வைத்துச் சுற்றினால் பதினோரு அடி. பட்டை கறுத்து, நீளவாக்கில் வெடித்து, வெடிப்புக்குள் விரல் நுழையும். கிழக்குப் பக்கம், என் தோள் உயரத்தில், ஒரு தகரத்தின் விளிம்பு மட்டும் தெரியும். ஒரு காலத்தில் ஆணி அடித்து மாட்டிய டியூஷன் விளம்பரம் அது. மரம் வளர வளரப் பட்டை இரண்டு பக்கமும் உதடு போல மூடி வந்து தகரத்தை விழுங்கிவிட்டது. இப்போது 'கணக்கு' என்பதில் 'க' மட்டும்தான் வெளியே இருக்கிறது. இரண்டாவது கப்பில் ஒரு பொந்து. அதில் கிளியா மைனாவா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் இலைகள் ஜோடி ஜோடியாக மடிய ஆரம்பிக்கும். மேகம் கறுத்தாலும் மடியும். மடிந்த இலைகளுக்கு நடுவே மழை நேராகத் தரையில் இறங்கும். கோடையில் இளஞ்சிவப்பில் பஞ்சு போன்ற பூ. அப்புறம் கறுத்த காய்கள் பழுத்து விழுந்து செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டும். அதைத் தின்ன மாடுகள் வரும். காரை அதன் அடியில் நிறுத்துபவர்களுக்கு அந்தக் காய்கள்மேல் தீராத கோபம்.

அடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. அந்த அண்ணனின் அப்பா காலத்திலிருந்தே அதே இடம். கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிற வேலையை ஏப்ரல் மாத மதியத்தில் வெட்டவெளியில் நின்று செய்ய யாராலும் முடியாது. இந்த ஊரில் ஆட்டோ ஸ்டாண்டு எங்கே இருக்கிறது, செருப்புத் தைப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பூக்காரம்மா எங்கே கூடை இறக்குகிறார், இளநீர் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எல்லாம் பெரிய மரத்தடியில்தான். வாடகை இல்லாமல் கூரை கொடுக்கும் ஒரே இடம் அது. தெருவில் ஒரு பழைய மரம் விழுந்தால் வீட்டுக்காரர்களுக்கு ஏசி பில் ஏறும்; இவர்களுக்குப் பிழைப்பே போய்விடும். "இது போச்சுன்னா நான் எங்க சார் போவேன்?" என்று அந்த அண்ணன் என்னிடம் கேட்டது வெறும் பேச்சுக்கு இல்லை. மரத்தின் மதிப்பைக் கணக்கிடும் எந்த அறிக்கையிலும் இந்த இஸ்திரி வண்டிக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது. சென்னையில் இருந்த யாருக்கும் அதை விவரிக்கத் தேவையில்லை. மறுநாள் காலை தெருவில் இறங்கினால் நடக்க வழியில்லை. எங்கள் தெருவில் இயல்வாகைகள்தான் அதிகம் சாய்ந்தன. அடுத்த சில நாட்கள் ஊர் முழுக்க ரம்பம் ஓடும் சத்தம். எனக்கு அந்தச் சத்தத்தைவிட அதிகம் நினைவிருப்பது வெளிச்சம். கட்டிய நாளிலிருந்து நேர் வெயிலே படாத எங்கள் கூடத்துச் சுவரில் பத்து மணிக்கு வெயில் அடித்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புயலுக்குப் பிறகு ஒரு கருத்து வேகமாகப் பரவியது: விழுந்ததெல்லாம் வெளிநாட்டு மரங்கள், அவற்றை வைத்தது தவறு, இனி நாட்டு மரங்கள் மட்டும் வைக்க வேண்டும். புதிதாக வைப்பதற்கு அது நல்ல யோசனைதான், எனக்கு மறுப்பில்லை. வேம்பும் புங்கையும் மகிழமும் மருதும் தாராளமாக வரட்டும். ஆனால் அதையே காரணமாகச் சொல்லி, நின்றுகொண்டிருக்கும் பழைய தூங்குமூஞ்சியையும் குல்மோகரையும் "எப்படியும் விழப் போகிற மரம்" என்று வெட்டத் தொடங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரம், உண்மை. குல்மோகர் மடகாஸ்கர். ஆனால் சிவன் கோயிலில் நாம் கும்பிட்டு வரும் நாகலிங்க மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டு நெடுஞ்சாலை முழுக்க நிற்கும், ஆண்டுதோறும் காய் ஏலம் போகும் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. புளி இல்லாமல் நமக்குக் குழம்பே இல்லை. ஐம்பது வருடமாக எங்கள் தெருவின் வெயிலைத் தாங்கி நின்ற மரத்திடம் இப்போது பூர்வீகம் கேட்பதில் நியாயம் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் காலையில் கண்ணால் பார்த்தேன். சாய்ந்த இயல்வாகை ஒன்றின் வேர்த்தட்டு, மண்ணோடு பெயர்ந்து ரோட்டில் செங்குத்தாக நின்றது. ஒரு பக்கம் வேர்கள் கை விரித்த மாதிரி பிய்ந்து தொங்கின. மறுபக்கம் வேரே இல்லை. கத்தியால் வெட்டியது போல ஒரு நேர்க்கோடு. வெட்டுவாயெல்லாம் பழையது, கறுத்துப்போயிருந்தது. கோடு எதற்கு இணையாக இருந்தது என்று பார்த்தால், பக்கத்திலேயே ஓடியது சில வருடங்களுக்கு முன் கட்டிய மழைநீர் வடிகால். வடிகாலுக்காக ஜேசிபி ஒரே இழுப்பில் ஒரு பக்க வேரை முழுவதும் எடுத்திருக்கிறது. அன்றைக்கே அந்த மரம் பாதி விழுந்துவிட்டது. காற்று வந்து மீதியை முடித்தது. பழி மட்டும் மரத்தின்மேல் விழுந்தது.

பழைய தெரு மரங்கள் சாவது பெரும்பாலும் கோடாரியால் இல்லை. மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகின்றன. அவற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நடைபாதை போடுகிறோம் என்று தண்டை ஒட்டிச் சிமெண்ட் பூசி, மேலே பேவர் பிளாக் பதித்துவிட்டால் இரண்டும் போய்விடும். மரம் உடனே வாடாது. ஐந்தாறு வருடம் எடுத்துக்கொள்ளும். உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும், பிறகு யாராவது "காய்ஞ்ச மரம் சார், ஆபத்து" என்று மனு கொடுப்பார்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டது. ஒரு மீட்டர் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு மீட்டராவது எங்கள் ஊர் மரங்களுக்குக் கிடைத்தால் எவ்வளவோ பிழைக்கும்.

கிளை கழிப்பதும் இதே கதைதான். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் மொத்தமாக இறக்கினால் பாரம் மறுபக்கம் சாய்ந்துவிடும். மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தை மரம் உள்ளுக்குள் தடுத்து அடைத்து, மேலே புதுப் பட்டையை வளர்த்து மூடும், அவ்வளவுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை விட்டு, அதை ஒட்டி வெளியே அறுத்தால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பாதியில் முறித்துக் குச்சியை நீட்டி விட்டால் அதன் வழியாக அழுகல் உள்ளே இறங்கும். இதைத் தெரிந்து செய்ய ரம்பம் பிடிப்பவருக்கு அரை நாள் பயிற்சி போதும். சென்னையில் 2005-லிருந்து இயங்கும் 'நிழல்' அமைப்பினர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, மர நடை அழைத்துப் போய், எத்தனையோ பேருக்குக் கண்ணைத் திறந்திருக்கிறார்கள். தெருவில் நடந்துபோகிறபோது மேலே பார்க்கிற பழக்கம் எனக்கு வந்ததும் அப்படி ஒரு நடைக்குப் பிறகுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையொட்டி நகரின் பாரம்பரியக் கட்டடங்கள் 467 என்று ஒரு பட்டியல் பேசப்பட்டது. அதெல்லாம் கல்லும் சுண்ணாம்பும். மலைப் பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955-லிருந்தே சட்டம் உண்டு. சமவெளியில் ஒரு தெரு மரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. கர்நாடகம் 1976-லும் டெல்லி 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. இங்கே 2021-ல்தான் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்து, அரசு நிலத்தில் மரம் வெட்ட அவற்றின் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அதில் நேற்று வைத்த மரமும் ஐம்பது வருட மரமும் கணக்கில் ஒன்றுதான்.

மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை. அங்கே 1975-ம் ஆண்டு நகர்ப்புற மரச் சட்டத்தை 2021-ல் திருத்தியபோது, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மரத்தைப் பாரம்பரிய மரம் என்று எழுதினார்கள். ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் வைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எங்கள் தெரு மரங்களின் வயதை எண்ணிப் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் வைத்தவை. மும்பையில் நின்றிருந்தால் இந்நேரம் பாரம்பரியப் பட்டம் கிடைத்திருக்கும். அண்ணா நகர் முழுக்க, அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் என்று வாரியம் போட்ட எல்லாப் பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் இப்போது ஒரே சமயத்தில் அந்த வயதைத் தொடுகின்றன. அதே நேரத்தில்தான் அந்த வீடுகளெல்லாம் இடிபட்டு அடுக்குமாடி ஆகின்றன. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அடுத்த பத்து வருடத்தில் தப்பிப்பவைதான் மிஞ்சும்.

வயதான மரத்துக்கு விலை போட முடியுமா என்று உச்ச நீதிமன்றத்திலேயே பேச்சு நடந்தது. மேற்கு வங்கத்தில் ஜெஸ்ஸோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட வேண்டும் என்று வழக்கு. அங்கேயும் நம் தூங்குமூஞ்சிகள்தான் வரிசையாக நிற்கின்றன, நம்முடையதைவிட மிகப் பழையவை. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021-ல் ஒரு கணக்கு சொன்னது: ஒரு மரத்தின் மதிப்பு வருடத்துக்கு 74,500 ரூபாய். அதை வயதால் பெருக்க வேண்டும். நூறு வயது தாண்டிய பாரம்பரிய மரம் என்றால் ஒரு கோடிக்கு மேல் போகலாம். அந்தக் கணக்கில் ஐம்பது வயது மரம் 37 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். அந்த 74,500-ல் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு. ஆக்சிஜனுக்கு அவ்வளவு போட்டது சரியா என்று கேள்வி கேட்டவர்கள் உண்டு, எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு தெரு மரத்தை விறகு விலையிலிருந்து தூக்கி வேறு தட்டில் வைத்த அறிக்கை அது. கடைசியில் 2023-ல் அந்த மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதித்தது. மதிப்பு தெரிந்த பிறகும் அப்படி.

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் சாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் குடை பிடித்து நிற்பவை தூங்குமூஞ்சிகள்தான். அங்கே 1991-லேயே சில பகுதிகளை மரப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து, ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்றார்கள்; சொந்த நிலத்தில் நின்றாலும் அதேதான். 2001-ல் பாரம்பரிய மரத் திட்டம் வந்தது. கூடவே பாரம்பரியச் சாலை என்றும் ஒன்று: ஐந்து சாலைகளைத் தேர்ந்து, இரண்டு ஓரத்திலும் பத்து மீட்டர் பசுமையைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தனி மரத்தின் பெருமை வேறு, வரிசையின் பெருமை வேறு. எங்கள் தெருவில் ஒரு மரத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டினால் அதைவிடப் பெரியது ஊரில் எங்கும் கிடைக்கும். இரு பக்கத்து மரங்களும் மேலே கைகோத்து, நானூறு அடி தூரத்துக்கு வெயில் தரையில் படாமல் நடக்க முடிகிறதே, அந்த முழு வரிசைதான் எங்கள் சொத்து. நடுவில் இரண்டு போனால் மீதி எட்டின் அருமையும் பாதியாகிவிடும்.

"ஒண்ணு போனா பத்து வெக்கறோம் சார்." எல்லா இடத்திலும் கேட்கும் வசனம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கியது, காடு, மரப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அதன் குறிக்கோள். கன்றுகள் வேண்டும்தான், ஐம்பது வருடம் கழித்து இருக்கப் போகிறவர்களுக்கு அவைதான் மரம். ஆனால் பத்துக் கன்றுகளை எங்கே வைப்பார்கள்? வெட்டிய இடத்தில் இல்லை, அங்கே இப்போது கார் ஏறும் சரிவு இருக்கிறது. புறவழிச்சாலை ஓரத்திலோ ஏதோ ஒரு ஏரிக்கரையிலோ வைப்பார்கள். இஸ்திரி அண்ணன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்கா போக முடியும்? பொந்தில் குஞ்சு பொரிக்கும் மைனாவுக்குக் கன்றில் பொந்து கிடையாது. பொந்து விழ முப்பது நாற்பது வருடம் ஆகும். கன்றுக்கணக்கு, வயதை ஈடு செய்யாது. மகாராஷ்டிரம் போல ஐம்பது கன்றுகள் வைத்தாலும் ஈடு செய்யாது. வெட்டுகிறவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும், அதுவரைக்கும் நல்லது.

எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து ஒரு பதிவேடு எழுத ஆரம்பித்திருக்கிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை, ஒரு நோட்டும் தையல்கார டேப்பும். மரத்தின் பெயர், எந்த வீட்டுக்கு எதிரே, நான்கரை அடி உயரத்தில் சுற்றளவு, அடியில் சிமெண்ட் இருக்கிறதா, ஆணி, கேபிள், காய்ந்த கிளை, நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ. கடைசியில் ஒரு பத்தி: இந்த மரத்தைப் பற்றித் தெருவில் யாருக்கு என்ன தெரியும். இந்தக் கடைசிப் பத்திக்குத்தான் அதிக இடம் தேவைப்பட்டது. வேம்பின் அடியில் எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டு போட்டவர்கள், குல்மோகர் பூ விரிந்தால் முழுப் பரீட்சை லீவு என்று கணக்கு வைத்திருந்த பிள்ளைகள், புங்கையின் அடியில் தாத்தாவின் கடைசி நாற்காலி. வீடு மாறிப் போனவர்களுக்கு போன் போட்டுக் கேட்டோம். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடித்தவர்கள், மரத்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்தவில்லை.

பதிவேடு முதல்முறை கைகொடுத்தது அந்தக் கடைசிப் பழைய வீட்டு விஷயத்தில். பிள்ளைகள் விற்கவில்லை, புரமோட்டரிடம் ஜாயிண்ட் வென்ச்சர் கொடுத்திருக்கிறார்கள். வரைபடத்தில் கார் உள்ளே ஏறும் வழி சரியாகத் தூங்குமூஞ்சிக்கு நேரே இருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ராத்திரியில் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சீவிவிடுவார்கள். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். வழி அறுந்தால் வேர் பட்டினி கிடந்து சாகும். மரம் "தானாகவே" காயும். அதனால் வேலை தொடங்கும் முன்னாலேயே போய்ப் பேசினோம். அமெரிக்காவில் இருக்கும் மூத்த பையனுக்கு, அவன் அம்மா குடத்தோடு நிற்கும் பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை அனுப்பினேன். பின்னால் செங்கல் கூண்டுக்குள் ஒரு கன்று. எதிர் வீட்டு மாமிதான் அவன் அம்மா. அவன் புரமோட்டரிடம் என்ன பேசினானோ, அடுத்த வரைபடத்தில் வழி மறு மூலைக்குப் போனது. உள்ளே தூண்களைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது, ஒரு கார் நிறுத்தும் இடம் குறுகியது. கட்டடத்துக்கு வேறு எந்த நஷ்டமும் இல்லை.

இப்போது அடுத்த வேலை வடிகால். பழைய வடிகாலை அகலப்படுத்தப் போகிறார்கள், அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். தண்ணீர் தேங்காமல் இருக்க அது அவசியம், எங்களில் யாருக்கும் வடிகால்மேல் பகை இல்லை. கேட்டிருப்பது இரண்டே விஷயம். மரம் நிற்கும் இடங்களில் மட்டும் ஜேசிபி வேண்டாம், ஆள் வைத்துக் கையால் தோண்டுங்கள். கையளவு தடிமனுக்கு மேல் வேர் வந்தால் வெட்டாமல், வடிகாலை அந்த இடத்தில் ஒரு அடி வளைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் நகலோடு மனு கொடுத்தோம். வந்து பார்த்த இளம் பொறியாளர் தூங்குமூஞ்சியின் அடியில் வெகுநேரம் நின்று, வளைக்க முடியும் என்றுதான் சொன்னார், எழுத்தில் இன்னும் வரவில்லை. மழைக்கு முன் வேலை தொடங்கும் என்கிறார்கள். தோண்டும் நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம்வரை தெருவில் யாராவது ஒருவர் நிற்பதென்று முறை போட்டிருக்கிறோம். மதிய நேரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக இஸ்திரி அண்ணன் சொல்லிவிட்டார்.